நாலு வீல் வண்டி

ஃபீபியையும் அவள் குடும்பத்தையும் மலை ரோட்டின் ஒன்பதாவது வளைவில் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போன வாரம் முடித்ததற்கு என்னை நன்றாகத் திட்டியிருப்பீர்கள். நியாயம்தான். ஆனால் யாரும் விழவில்லை. மார்கழிப் பனியிலும் ஈர இலையிலும் வழுக்கிய அந்தச் சின்ன கார், பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது தானாக நின்றது. பின்சீட்டில் இருந்த மகள் அக்சா, "அம்மா, நாம விழுந்துட்டமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி ஃபீபியின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பத்து நாளாக இறங்கவில்லை.

ஃபீபி பயந்தாங்கொள்ளி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பதினாறு வருஷமாக நர்ஸ். ரத்தமும் மரணமும் அவளுக்குப் பழகினவை. டாக்டர்களே கை உதறும் நேரத்தில் ஊசியைச் சரியாக ஏற்றுகிறவள். அதனால்தான் அவள் வேலை பார்க்கும் மிஷன் ஆஸ்பத்திரி, ஜவ்வாது மலைமேல் வேங்கைமரத்தூரில் புதிதாகத் திறந்த கிளைக்கு அவளை இன்சார்ஜ் சிஸ்டராகப் போட்டது. ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். மழை நாளில் பஸ் ஏறாது. மேலே போனால் சுற்றி இருக்கும் குக்கிராமங்களுக்கும் அவள்தான் போக வேண்டும். வண்டி இல்லாமல் அந்த வேலை இல்லை.

இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று குடும்பத்தோடு கிளம்பிய அன்றுதான் அந்த வழுக்கல். மறுநாளே புருஷனிடம் சொல்லிவிட்டாள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வாங்கினால் மலைக்குப் போவேன், இல்லாவிட்டால் ராஜினாமாக் கடிதம் எழுதுவேன், இரண்டில் ஒன்று.

புருஷன் ஞானசீலன், "வாங்கிடலாம்" என்றான். அவ்வளவு சீக்கிரம் அவன் எதற்கும் சரி சொல்கிற ஆள் இல்லை. அதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த வழுக்கலுக்குப் பிறகு சின்ன காரை யாரும் தொடவில்லை. சனிக்கிழமை காலை அக்சாவைப் பக்கத்து வீட்டு லுப்னாவிடம் விட்டுவிட்டு இருவரும் ஆம்பூரில் பஸ் ஏறினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் கட்டிய நட்சத்திரத்தை இன்னும் கழற்றவில்லை. போன வாரம் பூராவும் கொட்டின மழை நின்றுபோய், இப்போது குளிர்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லோர் தலையிலும் மஃப்ளர்.

வண்டியைக் கண்டுபிடித்தவன் ஞானசீலனின் தம்பி ஜெஸ்டன். ஷூ கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். நாலு மாவட்டத்து மெக்கானிக்குகளும் அவனுக்கு தோஸ்த். திருப்பத்தூரில் அஹமது பாஷா என்பவர் பழைய வண்டி வாங்கி விற்கிறார், அவரிடம் ஒன்று வந்திருக்கிறது, நமக்குக் கட்டுப்படியாகிற விலை என்று அவன்தான் சொன்னான். நாலு வீல் டிரைவ் வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று ஃபீபியும் போனில் தேடிப் பார்த்திருந்தாள். எல்லாம் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. இது மட்டும் எப்படி இவ்வளவு கம்மி என்று ஜெஸ்டனைக் கேட்டதற்கு, பத்து வருஷத்து வண்டி அண்ணி, டீசல், யாரும் சீந்த மாட்டேங்கறாங்க என்றான்.

அஹமது பாஷாவின் ஷெட்டுக்கு ஜெஸ்டன் முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். வண்டி நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறம். நல்ல உயரம். பின்னால் நீளமாக, ஒரு ஆளைப் படுக்க வைக்கலாம் போல இடம். ஃபீபி முதலில் பார்த்ததே அதைத்தான். நர்ஸுக்கு வேறு எது கண்ணில் படும்?

ஜெஸ்டன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். கியருக்குப் பக்கத்தில் ஒரு வட்டக் குமிழ் இருந்தது. அதைத் திருப்பினதும் முன்னால் நாலு சக்கரப் படம் போட்ட ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்ளோதான் அண்ணி. இது எரிஞ்சா நாலு வீலும் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

ஃபீபி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நாளாக வயிற்றில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. அழுகை வரும்போல இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி இது என்ன என்று தன்னையே கோபித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஞானசீலனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆம்பூர் தோல் ஃபேக்டரி ஒன்றில் அவன் செலக்டர். தோலை மேசையில் விரித்து, ஒரு தடவு தடவி, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது தேர்ட் என்று பிரித்துப் போடுகிறவன். ஒரு நாளைக்கு எண்ணூறு தோல் அவன் கையில் போகும். கடையில் பர்ஸ் வாங்கப் போனாலும் கடைக்காரனுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுத்தான் வருவான். இன்றைக்கும் அப்படித்தான். வண்டியின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான், தையலை நீவினான், மடிப்பில் மூக்கை வைத்தான். மாட்டுத் தோல், நல்ல தோல், யாரோ ஆசைப்பட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றான்.

"சீட்டை வாங்க வரல, வண்டிய வாங்க வந்தோம்" என்று ஃபீபி சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை.

அஹமது பாஷா அறுபது வயசுக்காரர், சாதுவான முகம். டீ வரவழைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஞானசீலனைப் பார்த்து, "மேடத்துக்கு எல்லாம் சொல்லிட்டீங்கல்ல?" என்று கேட்டார். சொல்லிட்டேன் பாய் என்று ஞானசீலன் சட்டென்று பதில் சொன்னான். விலையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஃபீபி நினைத்துக்கொண்டாள்.

நினைத்ததோடு நிற்காமல் போனை எடுத்து வேங்கைமரத்தூருக்குப் பேசினாள். அங்கே இப்போதைக்கு பாரதி என்று ஒரு நர்ஸ் பெண் தனியாக இருக்கிறாள், இருபத்து நாலு வயசு. வண்டி கிடைத்துவிட்டது, நாலு வீல் வண்டி, சேறானாலும் ஏறும், முடிந்தால் இன்றைக்கே மேலே வந்து பார்க்கிறேன் என்று ஃபீபி சொல்ல, அந்தப் பக்கம் பாரதி குதித்தாள். நீங்கள் வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் சிஸ்டர் என்றாள்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். எந்தப் பக்கம் என்று பாஷா கேட்டார். வாணியம்பாடி ரோட்டில் பத்து கிலோமீட்டர் என்று ஞானசீலன் சொன்னான். அவரும் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

ஊரைத் தாண்டியதும் ரோடு பிரிகிற இடத்தில் ஃபீபி, "மலைக்குத் திருப்பு ஜெஸ்டன்" என்றாள்.

ஜெஸ்டன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். ரியர்வியூ கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தான். பின்சீட்டில் இருந்த ஞானசீலன், இன்றைக்கு எதற்கு, பனி இறங்கியிருக்கும், பைபாஸில் ஓட்டினாலே வண்டியின் லட்சணம் தெரிந்துவிடும் என்றெல்லாம் சொன்னான். ஜெஸ்டனும் கூடச் சேர்ந்துகொண்டான். தார் ரோட்டில் ஓட்டிப் பார்க்க நாலு வீல் எதற்கு, மலைக்காகத்தானே வாங்குகிறோம் என்று ஃபீபி கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து பாரதி போனில் கூப்பிட்டாள்.

பலாக்கொல்லை என்ற குக்கிராமத்தில் மேகலா என்று ஒரு பெண். பத்தொன்பது வயசு, எட்டு மாசம், தலைச்சன். காலையிலிருந்து மண்டையைப் பிளக்கிற தலைவலி, கண் மங்குகிறது, முகமும் காலும் வீங்கிக் கிடக்கின்றன. பிரஷர் நூற்று எழுபதுக்கு மேல். பாரதி போய்ப் பார்த்து ஊசி போட்டுவிட்டாள். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வர இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

"நீங்க வண்டியோட வர்றீங்கன்னு சொன்னேன் சிஸ்டர். உடனே டோலி கட்டித் தூக்கிட்டாங்க. பதினாலாவது வளைவுல ரோட்டோரமா வெச்சிட்டு நிக்கிறோம். எவ்ளோ நேரத்துல வருவீங்க?"

ஃபீபிக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்த வீக்கமும் தலைவலியும் எந்த நிமிஷமும் வலிப்பில் போய் முடியும். வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இரண்டையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"முக்கா மணி நேரம்" என்று சொல்லி போனை வைத்தாள்.

விஷயத்தை இருவரிடமும் சொன்னாள். ஜெஸ்டன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். ஞானசீலன் முன்னால் குனிந்து, "ஃபீபி…" என்றான்.

"இன்னா?"

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் வியர்வை எப்படி என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல. சீட் பெல்ட்ட போட்டுக்க" என்றான்.

வாசகர்களே, அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்து ஞானசீலன் பிறகு எத்தனை நாள் தூக்கம் கெட்டான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

மலை ஏறத் தொடங்கினார்கள். மூன்றாவது வளைவு வரைக்கும் வெயில் இருந்தது. ஐந்தாவதில் பனி. பகல் ஒன்றரை மணி, லைட்டைப் போட வேண்டியிருந்தது. பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஃபீபிக்குத் தெரியும். ஒன்பதாவது வளைவு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பச்சை விளக்கைப் பார்த்தாள். எரிகிறது, நாலும் இழுக்கிறது, ஒன்றும் ஆகாது என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெபம் பண்ணக்கூடத் தோன்றவில்லை, அந்த விளக்கே போதும் என்றிருந்தது.

பதினோராவது வளைவைத் தாண்டியதும் தார் முடிந்தது. போன வார மழையில் ரோடு அரித்துக்கொண்டு போயிருந்தது. செம்மண்ணைக் கொட்டி மேடாக நிரவி வைத்திருந்தார்கள். நூறடி தூரம் இருக்கும். பனியில் நனைந்து எண்ணெய் தடவினது மாதிரி பளபளத்தது.

ஜெஸ்டன் நிறுத்தினான். நிறுத்தாதே, இதற்குத்தானே இந்த வண்டி, ஏற்று என்றாள் ஃபீபி. அவள் குரலில் தைரியம் இருந்தது. அந்தத் தைரியத்தைக் கேட்டு ஞானசீலன் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டதை அவள் பார்க்கவில்லை.

வண்டி ஏறியது. இருபதடி, முப்பதடி. சத்தம் மாறியது. முன்னால் மண் வாரி அடித்தது. வண்டி நின்றது. நின்ற இடத்திலேயே உறுமியது. பிறகு மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது.

ஜெஸ்டன் பிரேக்கை மிதித்தான். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. சேற்றின் மேல் சறுக்கிக்கொண்டு, பின்புறம் வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டு போனது. வலது பக்கம் என்றால் அந்த வெள்ளை. ஃபீபிக்கு அக்சா முகம் மட்டும் வந்தது. பின்னால் இருந்து ஞானசீலன் அவள் தோளை இறுக்கிப் பிடித்தான், நகம் பதிந்தது.

நறநறவென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

ரோடு போடுகிறவர்கள் ஓரத்தில் ஜல்லியைக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின் பம்பர் அதில் புதைந்து நின்றது. அந்தக் குவியலுக்கு அப்பால் நாலடி, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

முதலில் கதவைத் திறந்தவள் ஃபீபி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானசீலன் இறங்கி ஓடிப் பெரிய கற்களாகப் பார்த்துச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தான்.

முன்சக்கரம் இரண்டும் சேற்றால் மூடியிருந்தன. பின்சக்கரத்தில் அவ்வளவு சேறு இல்லை. எதற்கு அப்படி என்று ஃபீபிக்குப் பிடிபடவில்லை. ஜெஸ்டனை ஒரு தடவை ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தாள். முன்சக்கரம் பைத்தியமாகச் சுழன்றது. பின்சக்கரம் அசையவே இல்லை. பக்கவாதம் வந்த ஆளிடம் காலைத் தூக்கச் சொன்னால் ஒரு கால் தூக்கும், ஒரு கால் அப்படியே கிடக்கும். வார்டில் தினம் பார்க்கிறாள். இயந்திரம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, இது தெரிந்தது.

உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜெஸ்டனைக் கேட்டாள். அவன் அண்ணனைப் பார்த்தான். ஞானசீலனைக் கேட்டாள். அவன் கல்லைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்தே இருந்தான். அந்த வளைவில் போனில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. அஹமது பாஷாவைக் கூப்பிட்டாள். ஏமாற்றிவிட்டீர்களே பாய் என்று ஆரம்பித்தவளை அவர் பாதியில் நிறுத்தினார்.

"இன்னா மேடம் இப்படி சொல்றீங்க? பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட கழட்டி ஆறு மாசம் ஆச்சு. லைட்டு மட்டும்தான் எரியும். டவுனுக்கு நல்ல வண்டி, மலைக்கு ஆவாதுன்னு ஒங்க வீட்டுக்காரர்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன். அதனாலதான ரேட்டே கம்மி." பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எங்கம்மா இருக்கீங்க நீங்க?"

ஃபீபி போனை அணைத்தாள்.

இலைகளிலிருந்து பனி சொட்டுவது கேட்டது. புருஷனைப் பார்த்தாள். பதினாலு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். வழுக்கின வண்டியை விட இவன்தான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

"தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவன் நிமிர்ந்தான். கையெல்லாம் செம்மண். முதலில் ஒன்றும் கோர்வையாக வரவில்லை. நிஜமான நாலு வீல் வண்டி நம்மால் வாங்க முடியாது என்றான். நீ ராஜினாமா எழுதிவிடுவாய் என்று நினைத்தேன் என்றான். மழை நாளில் உன்னை ஏறவே விட்டிருக்க மாட்டேன், நானே கூட வந்து ஓட்டியிருப்பேன் என்றான். அப்புறம்தான் அவனுக்கு அவனுடைய பாஷை வந்தது.

"முள்ளு கிழிக்காத மாடு ஏது ஃபீபி? உண்ணி கடிச்ச தழும்பு இல்லாத தோலு ஏது? அதயெல்லாம் நாங்க தூக்கிப் போடறதில்ல. மேல ஒரு பூச்சு குடுத்து, பிரிண்ட் அடிச்சு அனுப்பிடுவோம். போட்டுட்டு நடக்கிறவனுக்குத் தெரியாது. காலும் நோவாது. உன் பயத்துக்கும் அது போதும்னு நெனச்சேன். நாலு வீலுன்னு நம்பிட்டா நீ பயப்படாம இருப்பேன்னு…"

இருபது வருஷம் அந்த மேசையில் நின்றவனுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. அதுதான் கொடுமை. தழும்பை மறைக்கிறது அவன் ஊரில் ஒரு தொழில், அதற்குச் சம்பளமும் உண்டு.

"நான் செருப்பு இல்லீங்க" என்றாள் ஃபீபி. அதற்கு மேல் சொன்னால் அழுதுவிடுவாள்.

ஞானசீலன் கையை வேட்டியில் துடைக்கிற மாதிரி பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "அன்னிக்கு வழுக்குனப்போ ஸ்டீயரிங் என் கையிலதான இருந்துச்சு. உன்ன விட நான்தான் பயந்தேன். இன்னும் கை நடுங்குது. வீட்ல ரெண்டு பேரும் பயந்துட்டா எப்படின்னுதான் சொல்லல."

அவன் கை நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளாகப் பக்கத்தில் படுத்திருந்தும் அதை அவள் கவனிக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடு இன்னொன்றும் வந்து சேர்ந்துகொண்டது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. மூன்று வளைவுக்கு மேலே ஒரு பெண், இந்த வண்டியை நம்பி வீட்டை விட்டு ரோட்டுக்கு வந்து கிடக்கிறாள்.

நர்ஸுகளுக்கு ஒரு புத்தி உண்டு. எவ்வளவு அழுகை இருந்தாலும் கேஸ் என்று வந்துவிட்டால் அதைத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஃபீபி பாரதியைக் கூப்பிட்டு, வண்டி இதற்கு மேல் ஏறாது, டோலியோடு இறங்கி வாருங்கள், நான் எதிரே நடந்து வருகிறேன் என்றாள். பாரதி ஏன் என்று கேட்டாள். ரோடு அரித்துப் போயிருக்கிறது என்றாள் ஃபீபி. அதுவும் உண்மைதானே.

பிறகு இருவரிடமும் திரும்பினாள். ஏறத்தான் பின்சக்கரம் வேண்டும், இறங்க முன்சக்கரம் போதுமா என்று ஜெஸ்டனைக் கேட்டாள். போதும் அண்ணி, ஆனா இந்தச் சேறு… என்று இழுத்தான். பதினோராவது வளைவு வரைக்கும் இன்னும் இருபதடி சேற்றில் இறங்க வேண்டும், அதுவும் ஒரு ஆளைப் படுக்க வைத்துக்கொண்டு. அதற்குக் கீழே தார் இருக்கிறது, பத்து வளைவு இருக்கிறது, பனி இருக்கிறது. இன்னொரு வண்டிக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டான். அவள் வாட்சைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம். மேகலாவின் தலைக்குள் இருக்கிற பிரஷர் அதுவரை பொறுக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

"வண்டிய எறக்கம் பாக்கத் திருப்பி வைங்க. நீங்கதான் ஓட்டணும்" என்று ஞானசீலனிடம் சொன்னாள்.

"நானா?" என்றான் அவன். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆமா. தெரிஞ்சு ஓட்டறவங்க ஓட்டட்டும்."

எப்போதும் கூடவே வைத்திருக்கும் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஜெஸ்டனோடு சேற்றில் ஏறினாள். பன்னிரண்டாவது வளைவைத் தாண்டினதும் பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு கம்பில் சேலையைத் தூளியாகக் கட்டி முன்னால் இருவர், பின்னால் இருவர். பக்கத்தில் பாரதி, கையில் பிரஷர் கருவி, பின்னாலேயே மேகலாவின் புருஷன். பெண்ணின் முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாக இருந்தன. ஃபீபி தொட்டுப் பார்த்தாள். நாடி குதித்தது. கீழே ஆஸ்பத்திரி வரைக்கும் அசைக்காமல், அதிக வெளிச்சம் படாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே கொண்டுபோக வேண்டும் என்றாள். ஜெஸ்டனும் கம்புக்குத் தோள் கொடுத்தான். யார் காலும் வழுக்காமல் அந்தச் செம்மண்ணில் இறங்குவதற்குப் பதினைந்து நிமிஷம் ஆனது.

ஞானசீலன் வண்டியைத் திருப்பி வைத்திருந்தான். எப்படித் திருப்பினான், ஜல்லிக்கு அப்பால் எத்தனை தடவை எட்டிப் பார்த்தான் என்று அவள் கேட்கவில்லை. பின்சீட்டை மடக்கி, தன் ஸ்வெட்டரைக் கழற்றி மேலே விரித்திருந்தான். அந்தக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மேகலாவை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஃபீபி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பாரதி கால்மாட்டில். மேகலாவின் புருஷன், மீசை சரியாக முளைக்காத ஆள், முன்சீட்டில் ஏறிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். ஜெஸ்டன் மற்றவர்களோடு இறங்கி, சேறு முடிகிற வரைக்கும் வண்டியின் பக்கவாட்டில் கை வைத்துத் தாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னான். வண்டி சறுக்கினால் ஐந்து ஆள் கை என்ன செய்துவிடும்? அவனுக்கும் அது தெரியும்.

ஃபீபிக்குள் பத்து நாளாக உட்கார்ந்திருந்த பயம் இப்போது எழுந்து நின்றது. கதவைத் திறந்து இறங்கிவிடலாம், நடந்தே போய்விடலாம், ஆம்பூருக்கே நடந்து போய் அக்சாவைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. ஆனால் அவள் கையை மேகலா பிடித்திருந்தாள். வீங்கின விரல்கள், ஆனாலும் பிடி விடவில்லை.

"அக்கா" என்றாள் மேகலா. நாக்குக் குழறியது. "போன வருசம் எங்க சித்தப்பா வேனு இங்கதான் கவுந்துச்சு. எனக்கு பயமா இருக்குது. இது வழுக்குமா?"

முன்சீட்டில் அவள் புருஷனும் திரும்பிப் பார்த்தான். பாரதி பார்த்தாள். பயப்பட்டால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் வலிப்பு. அதைப் பதினாறு வருஷமாகப் புது நர்ஸ் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஃபீபி.

ரியர்வியூ கண்ணாடியில் ஞானசீலனின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஃபீபி குனிந்து அந்தப் பெண்ணின் நெற்றியில் இருந்த முடியை ஒதுக்கினாள்.

"நாலு வீல் வண்டிம்மா இது" என்றாள். "வழுக்கவே வழுக்காது. கண்ண மூடிக்க."

மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடியில் இருந்த கண்கள் விலகின. ஞானசீலன் ஹேண்ட் பிரேக்கை இறக்கினான், வண்டி பனிக்குள் நகர்ந்தது.